காசோலை யார் பெயருக்கு? – சன்பிளவர் கவுண்டியில் விவசாய மானியம்

மாணவியரே! அரசு தன் கருவூலத்திலிருந்து குடிமக்களுக்கு அளிக்கும் உதவித் தொகையே மானியம் என்று பொருளியல் பாடத்தில் படிக்கிறோம். ‘விவசாயிகளுக்கு மானியம்’ என்ற தொடரையும் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் விவசாயி என்பவர் யார்? நிலத்தின் பட்டாவைப் பெட்டியில் வைத்திருப்பவரா? ஏர் ஓட்டுபவரா? வெயிலில் குனிந்து களை வெட்டுபவரா? மூவரும் ஒருவரே என்றால் தொல்லை இல்லை. மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால், அரசின் காசோலை யார் பெயருக்கு எழுதப்படும்?

இக்கேள்விக்கு விடை காண உலகிலேயே பெரிய மானியத் திட்டங்களுள் ஒன்றை நடத்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்வோம். அங்கும் நாடு முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள சன்பிளவர் கவுண்டி ஒன்றே போதும். (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. நம் மாவட்டம் போன்றது எனலாம். ஆனால் பரப்பிலும் மக்கள் தொகையிலும் பெரும்பாலும் சிறியது.) சன்பிளவர் என்றால் சூரியகாந்தி. பெயர்தான் சூரியகாந்தி; விளைந்ததோ வெள்ளைப் பருத்தி. மிசிசிப்பி ஆற்று வெள்ளம் ஆண்டாண்டு காலமாகக் கொண்டுவந்து கொட்டிய கருமண் பூமி அது. இண்டியனோலா என்பது அதன் தலைநகர். 1960-களில் அங்கு வாழ்ந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். நிலத்தில் மிகப் பெரும் பகுதியோ வெள்ளையரின் பெரும் பண்ணைகளாக இருந்தது.

இந்தக் கவுண்டியிலிருந்து இருவர் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். 1904-இல் டாட்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட குடும்பப் பண்ணைக்கு உரிமையாளர். 1943 முதல் 1978 வரை அமெரிக்க செனட் சபையில் அமர்ந்தவர். மற்றொருவர் ஃபேனி லூ ஹேமர் அம்மையார். இருபது பிள்ளைகள் பிறந்த ஏழைக் குடும்பத்தில் கடைக்குட்டியாக 1917-இல் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் சன்பிளவருக்கு வந்தவர். இவர் வாழ்ந்த ரூல்வில், டாட்ஸ்வில்லிலிருந்து சில மைல் தொலைவிலேயே உள்ளது. ஒரே மண், ஒரே பயிர், ஒரே சட்டம். மானியம் என்ற மழை இவ்விருவர் மீதும் எப்படிப் பெய்தது என்பதைப் பார்த்தால் பாடம் தானாக விளங்கிவிடும்.

வாரச் சாகுபடியும் தூக்குக்கோலும்

முதலில் அப்பகுதியின் சாகுபடி முறையை அறிந்து கொள்ள வேண்டும். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு உழைக்கக் கை இருந்தது, உழ நிலமில்லை. நிலக்கிழார்களுக்கு நிலம் இருந்தது, உழைக்க ஆளில்லை. ஆகவே வாரச் சாகுபடி தோன்றிற்று. குடியானவர் குடும்பம் முழுவதும் பாடுபட வேண்டும். விதை, உரம், கோவேறு கழுதை, குடியிருக்கக் குடிசை ஆகியவற்றை நிலக்கிழார் தருவார். விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு, பாதி குடியானவருக்கு. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் அறுவடை வரை உண்ண மாவும் உப்புக்கண்டமும் பண்ணைக் கடையில் கடனாக வாங்க வேண்டும். விலையையும் வட்டியையும் எழுதுபவர் நிலக்கிழாரின் கணக்கர். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளன்று, குடியானவரின் பாதியிலிருந்து கடனைக் கழித்தால் பெரும்பாலும் மிஞ்சுவது சொற்பம். பல ஆண்டுகளில் கடனே மிஞ்சும்.

ஹேமர் அம்மையார் ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கத் தொடங்கினார். வாரம் முப்பது ராத்தல் எடுத்தால் பண்ணைக் கடையிலிருந்து தின்பண்டம் தருவதாக நிலக்கிழார் ஆசை காட்டினாராம். சிறுமி எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் அறுபது ராத்தல் என்றார்கள்! பதின்மூன்று வயதில் நாளொன்றுக்கு இருநூறு ராத்தலுக்கு மேல் எடுத்தவர் அவர். பள்ளிக்கூடமோ பருத்தி வேலை இல்லாத நான்கு மாதங்களுக்கு மட்டுமே நடக்கும். அவ்வாறு ஆறு ஆண்டுகள் மட்டுமே அவர் படித்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால், பின்னர் அவரைப் பண்ணையில் வேலை நேரமும் எடையும் குறித்து வைப்பவராக வைத்துக்கொண்டனர்.

அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. பருத்தியை நிறுக்கும் தூக்குக்கோலில் நகரும் எடைக்குண்டு ஒன்று உண்டு. பண்ணையின் குண்டு குடியானவருக்குப் பாதகமாகச் செய்யப்பட்டது என்பதை அவர் கண்டுகொண்டார். தம்மிடம் நேர்மையான குண்டு ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டார். நிலக்கிழார் அருகில் இல்லாதபோது அதைக் கோர்த்து நிறுப்பார். அவர் வருவது தெரிந்ததும் பழைய குண்டை மாட்டிவிடுவார். புள்ளிவிவர நூல்கள் பல படித்தாலும் விளங்காத செய்தியை இந்த ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. நிறுப்பவர் கையில்தான் ‘பாதிப் பங்கு’ இருந்தது.

1933: உழுது அழித்த பருத்தி

இப்போது மானியத்தின் பிறப்புக்கு வருவோம். 1929-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. அவ்வாண்டு ராத்தல் சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி, 1932-இல் 6 சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. விற்ற விலை கூலிக்கும் காணாது. 1933-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், அவ்வாண்டு மே மாதத்தில் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் தத்துவம் எளிது. சந்தையில் பொருள் மிகுந்ததால் விலை வீழ்ந்தது. ஆகவே விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். விளைவிக்காமல் விடும் நிலத்துக்கு அரசு ஈடு கொடுக்கும்.

சட்டம் வருவதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. எனவே நின்ற பயிரை உழுது அழிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி அந்தக் கோடையில் மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. செடியை மிதிக்காமல் சால்களின் நடுவே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், செடியின் மேல் நடக்க மறுத்து நின்றனவாம்! அதே ஆண்டில் அறுபது லட்சம் பன்றிகளும் விலை ஏற்றத்துக்காகக் கொல்லப்பட்டன. மக்கள் பசித்திருந்த காலத்தில் இது பலர் நெஞ்சைச் சுட்டது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. பருத்தி விலை 1933-இல் 10 சென்ட் அளவுக்கும், அடுத்த ஆண்டு 12 சென்ட் அளவுக்கும் ஏறியது. திட்டம் தன் வேலையைச் செய்தது. மூழ்கவிருந்த பல பண்ணைகளும் வங்கிகளும் கரையேறின. மானியமே வீண் என்று பேசுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

குறை எங்கே என்றால், பங்கீட்டில். 1934–35-க்கான பருத்தி ஒப்பந்தத்தைப் பாருங்கள். பயிரிடாமல் விடும் நிலத்துக்கு ராத்தலுக்கு 3½ சென்ட் ‘நில வாடகை’. இது நிலக்கிழாருக்கு. அதற்கு மேல் ‘சமநிலைத் தொகை’ என்று 1 சென்ட். இதில் பாதி வாரக் குடியானவருக்கு. ஆக, நிலக்கிழாருக்கு 4 சென்ட். குடியானவருக்கு ½ சென்ட். விளைச்சலில் பாதிக்குப் பாதி என்றிருந்தவர், மானியத்தில் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டார். அந்த ½ சென்ட் கூட நிலக்கிழார் கை வழியாகவே வந்தது. வழியில் பண்ணைக் கடையின் கடன் ஏடு காத்திருந்தது.

இன்னும் ஒன்று. நாற்பது ஏக்கர் பயிர் செய்த இடத்தில் இருபத்தைந்து ஏக்கர்தான் பயிர் என்றால், நான்கு குடும்பங்கள் எதற்கு? இரண்டு போதுமே! குடியானவர்களின் எண்ணிக்கையை இயன்ற அளவு குறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் ‘இயன்ற அளவு’ என்ற சொற்களே பெரிய வாசற்கதவாகிவிட்டன. வாரக் குடியானவரை நீக்கி, அதே ஆளை நாட்கூலியாக வைத்துக்கொண்டால், அந்த ½ சென்ட்டும் மிச்சம். அண்டை மாநிலமான ஆர்கன்சாவில், பாயின்செட் கவுண்டியின் டைரான்சா என்ற ஊரில் 1934 ஜூலையில் பதினெட்டுப் பேர் கூடி, தென்பகுதிக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கினர். பதினொருவர் வெள்ளையர், எழுவர் கறுப்பினத்தவர். இரு இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் அமர்வதே அஞ்சத்தக்க செயலாயிருந்த காலம் அது! வாஷிங்டனில் விவசாயத் துறைக்குள்ளேயே குடியானவர் சார்பாக வாதாடிய இளம் வழக்கறிஞர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 1938-இல் புதிய சட்டம் வந்தது. சட்டங்கள் மாறின, பணம் ஏக்கரைத் தொடரும் என்ற அடிப்படை மாறவில்லை.

காசோலையும் இயந்திரமும்

1944-இல் சன்பிளவருக்கு வடக்கே கிளார்க்ஸ்டேல் ஊருக்கருகில் ஒரு பண்ணையில், விதைப்பு முதல் அறுவடை வரை முற்றிலும் இயந்திரத்தால் பருத்தி விளைவித்துக் காட்டினார்கள். இயந்திரம் விலை மிக்கது. ஆண்டுதோறும் நிச்சயமாக வரும் அரசுக் காசோலை கையில் இருந்தவருக்கு அதை வாங்குவது எளிதாயிற்று. குடியானவரைக் காப்பதாகத் தொடங்கிய பணம், அவரை வேண்டாதவராக்கும் இயந்திரத்தை வாங்க உதவிற்று. இயந்திரம் மானியம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது வந்த வேகத்தில் மானியத்துக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து.

1965 வாக்கில் வாரச் சாகுபடி ஏறக்குறைய மறைந்து, பருவகால நாட்கூலியே மிஞ்சியது. களை வெட்டக் கூலி நாளொன்றுக்கு 3 டாலர். காலை முதல் மாலை வரை பத்து மணி நேரம் என்றால் மணிக்கு 30 சென்ட்! அவ்வாண்டு அண்டைக் கவுண்டியான பொலிவரில் கூலியாட்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தனர். பலரைக் குடிசைகளிலிருந்து வெளியேற்றினர்.

அதே 1965-இல் புதிய விவசாயச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பருத்திப் பரப்பை மேலும் குறைத்தால் மேலும் மானியம் என்றது. நாட்டில் அறுவடையான பருத்திப் பரப்பு 1965-இல் சுமார் 1 கோடியே 36 லட்சம் ஏக்கராக இருந்தது. 1967-இல் அது 80 லட்சம் ஏக்கராகிவிட்டது. குறைந்த ஒவ்வோர் ஏக்கருக்கும் நிலவுடைமையாளருக்கு ஈடு உண்டு. களை வெட்டியவர்க்கு ஈடு ஏதும் இல்லை. 1967 பிப்ரவரியில் பெரிய பண்ணைகளில் கூலியாட்களுக்கு மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற நல்ல சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொடுக்க மனமில்லாத பண்ணைகள் களைக்கொல்லி மருந்து தெளித்துவிட்டு ஆட்களை நிறுத்தின. நல்ல சட்டமும் கெட்ட நேரத்தில் வந்தால் இப்படியும் ஆகும்.

மாணவியரே, இங்கே ஒரு கணக்குப் போடுவோம். 1960-களின் பிற்பகுதியில், பெருந்தொகை மானியம் பெற்றோரின் பட்டியல் பெயர் வாரியாக நாடாளுமன்றப் பதிவுகளில் வெளிவந்தது. 1967-இல் ஈஸ்ட்லண்ட் குடும்பப் பண்ணை பெற்ற மானியம் ஒன்றரை லட்சம் டாலருக்கும் அதிகம். அதை 1,50,000 என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 டாலர் கூலியில் இத்தொகையை ஈட்ட 50,000 நாட்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் உழைத்தால் ஏறத்தாழ 137 ஆண்டுகள்! இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று சட்டம் சொன்னது. அவரிடம் ஏக்கர் இருந்தது. அவர் செனட்டின் விவசாயக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டங்களை எதிர்த்துப் பேசிவந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் பாடம் முழுமை பெறும்.

அதே 1967 ஏப்ரலில் ராபர்ட் கென்னடி, ஜோசஃப் கிளார்க் என்னும் இரு செனட்டர்கள் அப்பகுதிக்கு வந்தனர். குடிசைக்குள் நுழைந்த கென்னடி, ஊட்டமின்றி வயிறு வீங்கிய குழந்தைகளைக் கண்டு கலங்கிப் போனார். செய்தி நாடெங்கும் பரவியது. அதற்கு முன் அரசு உபரியாக வாங்கிக் குவித்த மாவு, பால்பொடி முதலியவை ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைத்து வந்தன. அதன் இடத்தில் உணவுச் சீட்டுத் திட்டம் வந்தது. ஆனால் அச்சீட்டைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மிக ஏழைக்கும் தலைக்கு மாதம் 2 டாலர். வேலையே போய்விட்ட வீட்டில் ஆறு பேருக்கு 12 டாலர் எங்கிருந்து வரும்? பின்னர் அந்தக் கட்டணம் குறைக்கப்பட்டது. பயிரிடாமல் இருக்கப் பணம் கொடுத்ததும், உணவுச் சீட்டுக்குப் பணம் கேட்டதும் ஒரே துறை. இரண்டும் வாஷிங்டனில் விவசாயத் துறையின் அலுவல்களே.

மூன்று பேர் கொண்ட குழு

மானியம் வாஷிங்டனிலிருந்து வருகிறது என்றாலும், யாருக்கு எவ்வளவு ஏக்கர் ஒதுக்கீடு என்ற முடிவு கவுண்டியிலேயே எடுக்கப்பட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் மூவர் குழு ஒன்று உண்டு. ஒதுக்கீட்டைப் பங்கிடுவது, புகார்களை விசாரிப்பது, அலுவலரை நியமிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மக்களாட்சியின் சிறந்த சின்னம் என்று அதைப் புகழ்ந்தார்கள். அந்தந்த மண்ணை அறிந்தவர்களே முடிவெடுப்பது நல்லதுதானே! ஆனால் 1965-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, தென்மாநிலங்களின் கவுண்டிக் குழுக்களில் அதுவரை கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை எடுத்துக் காட்டியது. சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பின விவசாயிகளுக்கும் ஒதுக்கீடு குறைவாகவே கிடைத்தது. கேள்வி கேட்டவருக்கு அடுத்த ஆண்டு மேலும் குறையும். ஒதுக்கீடு பழைய சாகுபடிப் பரப்பைக் கொண்டே கணிக்கப்பட்டதால், ஒரு முறை குறைந்தது பின்னும் குறைந்தே நிற்கும். பண்ணையின் தூக்குக்கோலைப் போலவே இங்கும் எடைக்குண்டு ஒரே தரப்பின் கையில் இருந்தது எனலாம்.

ஹேமர் அம்மையார் 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினேழு பேருடன் பேருந்தில் இண்டியனோலா சென்று, வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு சிறையில் அடிபட்டு உடல்நலம் கெட்டது. 1964-இல் நாடே தொலைக்காட்சியில் அவர் பேச்சைக் கேட்டது. இவை வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. நமக்கு வேண்டியது அதற்குப் பின் அவர் செய்தது. வாக்குரிமை கிடைத்த பிறகும் வயிறு காய்ந்தால், கூலி தருபவர் சொன்னபடிதான் வாக்கும் விழும் என்பதை அவர் உணர்ந்தார். 1969-இல் நன்கொடை திரட்டி முதலில் 40 ஏக்கர் வாங்கி, விடுதலைப் பண்ணை என்ற கூட்டுறவைத் தொடங்கினார். உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அதைக்கூடப் பெரும்பாலோரால் கட்ட முடியவில்லை. கட்டாதவர்க்கும் காய்கறி கொடுத்தார்கள். நீக்ரோ மாதர் தேசிய மன்றம் வழங்கிய பன்றிகளைக் கொண்டு ‘பன்றி வங்கி’ ஒன்றும் நடந்தது. சினைப் பன்றி ஒன்றை ஒரு குடும்பம் வாங்கிக்கொள்ளும். குட்டி போட்டதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தரும். அவை வளர்ந்து வேறு குடும்பங்களுக்குப் போகும். வட்டி என்பதை இவ்வளவு இனிமையாக விளக்கும் பாடநூல் இல்லை! 1971-இல் பண்ணை 640 ஏக்கர் வரை வளர்ந்தது. பிறகு சூறாவளி, வறட்சி, வெள்ளம், தலைவியின் நோய் எல்லாம் சேர்ந்து கொண்டன. 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. அம்மையார் 1977 மார்ச் 14 அன்று காலமானார்.

உச்சவரம்பும் கிறிஸ்துமஸ் மரமும்

பெருந்தொகைப் பட்டியல்கள் வெளிவந்ததால் எழுந்த கூக்குரல் வீண் போகவில்லை. 1970-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு நபருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலருக்கு மேல் மானியம் இல்லை என்றது. 1973-இல் அது 20,000 டாலராகக் குறைந்தது. அத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? ‘ஒரு நபர்’ என்றால் யார் என்ற புதிய கேள்வி பிறந்தது. ஒரே பண்ணையைத் தாளில் பலவாகப் பிரித்து, மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, கூட்டு நிறுவனங்கள் சில, அந்நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கும் வேறு நிறுவனங்கள் சில என்று கிளைவிடச் செய்தார்கள். 1980-களில் இத்தகைய ஏற்பாடுகளை வரைபடமாகப் போட்டால் கிளைதோறும் குண்டு தொங்கும் மரம் போலத் தெரிந்ததால், ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் வைத்தார்கள். 1987-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த மரத்தின் கிளைகளை வெட்டியது. ஒருவர் மூன்று வழிகளுக்கு மேல் மானியம் பெறக் கூடாது என்றும், விவசாயத்தில் நேரடியாக ஈடுபட வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் ‘ஈடுபடுவது’ என்பதில் மேற்பார்வையும் அடங்கும்! 2018-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பப் பண்ணைகளில் பங்கு கோரக்கூடிய உறவினர் வரிசையில் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும், பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. 2025-இல் நிறைவேறிய சட்டம் உச்சவரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராக உயர்த்தி, விலைவாசியோடு சேர்ந்து அது ஏறவும் வழி செய்தது.

நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கே மானியம் சேர வேண்டும் என்பது இப்போதைய விதி. நல்ல விதிதான். ஆனால் உழுபவருக்கு மானியம் வரும் என்று தெரிந்தால் நிலக்கிழார் குத்தகையை ஏற்றிவிடலாம். அப்படி ஏறினால் காசோலையில் பெயர் ஒன்று, பயன் போய்ச் சேரும் பை மற்றொன்று என்றாகிவிடும். பொருளியல் பயிலும் மேல்வகுப்பு மாணவியர் இதைச் சற்று நின்று யோசிக்கலாம். மானியத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும், அது யாரிடம் தங்குகிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

நாடெங்கும் 1920-இல் ஒன்பது லட்சத்துக்கு மேலிருந்த கறுப்பின விவசாயிகள், 2017 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும், இயந்திரமும் காரணம் என்பது சரியே. கவுண்டி அலுவலகங்களில் கடனும் ஒதுக்கீடும் மறுக்கப்பட்டதும் ஒரு காரணம் என்று விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். பிக்ஃபோர்ட் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கு 1999-இல் சமரசமாக முடிந்து, ஏறத்தாழ நூறு கோடி டாலர் ஈடு வழங்கப்பட்டது. 2010-இல் இரண்டாவது சமரசத்தில் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2024 ஜூலையில், விவசாயக் கடன் வழங்குவதில் பாகுபாட்டுக்கு ஆளான 43,000 பேருக்குச் சுமார் 200 கோடி டாலர் பகிர்ந்தளிக்கப்பட்டது. இதில் எல்லா இனத்தவரும் அடங்குவர். விண்ணப்பப் படிவம் நாற்பது பக்கம் வரை நீண்டது. நிலம் வைத்திருந்து இழந்தவர்களுக்குப் பெருந்தொகை கிடைத்தது. கடன் மறுக்கப்பட்டதால் விவசாயத்தில் நுழையவே முடியாமற் போனவர்களுக்குச் சில ஆயிரம் டாலரே கிடைத்தது. விண்ணப்பிக்கும் முன்பே இறந்துபோன விவசாயிகளின் பெயரில் பிள்ளைகள் கேட்டால், அந்தப் பழைய கடனைத் தாங்களே ஏற்றிருந்தாலன்றிப் பணம் இல்லை என்று விதி இருந்தது. அதை எதிர்த்தும் சிலர் வழக்குத் தொடுத்தனர்.